பன்னிரண்டு காளைக்குக் கொம்பு ஏறாத விவரம்

சிங்காநல்லூர்,
சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்

பெருமதிப்பிற்குரிய கிருபாசங்கர் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் ரித்திகா பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவின் இடது முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். பெங்களூரில் நீங்களும் அத்தையும் பல் முளைத்துக்கொண்டிருக்கும் பாப்பாவும் சௌக்கியம்தானா என்று அம்மா கேட்கச் சொன்னாள். "மொதல்ல சௌக்கியம் கேளு, அப்பறம் மழையச் சொல்லு, அதுக்கப்பறம் உன்ற கம்ப்யூட்டர் கதைய எழுது. எடுத்ததும் கொறை சொன்னா படிக்கறவனுக்கு வவுறு எரியும்" என்பது அம்மாவின் உத்தரவு. மழை இல்லை. இரண்டு நாள் மூடாக்குப் போட்டு ஆசை காட்டிவிட்டுப் பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டது. சௌக்கியமும் மழையும் முடிந்தன.

செவ்வாய்க்கிழமை ஏதோ புது எண்ணிலிருந்து உங்களுக்கு மூன்று முறை போன் வந்து, யாரும் பேசாமல் இருந்திருப்பார்கள். அது நான்தான் மாமா, எங்கள் எம்ப்ராய்டரிப் பட்டறைப் போனிலிருந்து. முதல் முறை நீங்கள் "ஹலோ" என்றீர்கள். நானும் ஹலோ என்பதா, மாமா என்பதா, வணக்கம் என்பதா என்று முடிவு செய்வதற்குள் வைத்துவிட்டீர்கள். இரண்டாம் முறை பேச வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தேன். அதில் முதல் வரி நீங்கள் "ஹலோ" என்று சொல்வது. நீங்களோ "யாருங்க" என்றீர்கள். தாளில் அதற்குப் பதில் இல்லை. மூன்றாம் முறை நீங்கள் ஆங்கிலத்தில் கொஞ்சம் வேகமாகப் பேசினீர்கள், அப்போது நானே வைத்துவிட்டேன். பிறகு அம்மாவின் போனிலிருந்து மெசேஜ் போட்டதும்தான் நீங்கள் பதில் அனுப்பினீர்கள்: "பேச வேண்டாம். எழுது. மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் போதும். என்ன செய்தாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது. எங்கள் கம்பெனி வெப்சைட்டில் புகார்ப் பெட்டி இருக்கிறது, அதில் போடு." பேச வேண்டாம் என்று எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. அந்த மெசேஜை நான் அழிக்கவில்லை.

ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெட்டியின் தலையில் இரண்டாயிரம் எழுத்துவரை எழுதலாம் என்று போட்டிருந்தது. நான் எழுநூறு எழுத்தில் எழுதி முடித்தேன். மிச்சம் ஆயிரத்து முந்நூறு என்று பெட்டியே எனக்குக் கணக்குச் சொன்னது. அனுப்பு என்று அமுக்கினால், அளவு மீறிவிட்டது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. மழையை எடுத்தேன். அம்மாவின் முழங்காலை எடுத்தேன். பிறகும் சிவப்பு. தமிழில் 'கி' என்றால் ஒரு எழுத்து, அதை எங்கள் தமிழ் டீச்சர் மூன்றாம் வகுப்பில் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் 'கி'யை வேறு வேறாக எண்ணுகின்றன என்று நினைக்கிறேன். கடுப்பாகி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தலைப்பில் இருந்த "மாமா நலமா" என்பதை மட்டும் வைத்து அமுக்கினேன். உடனே போய்விட்டது. உங்கள் புகார் பெறப்பட்டது, விசாரிக்கிறோம், என்று எண் போட்டு ஒரு பதில் வந்தது. நேற்று இன்னொன்று வந்தது: இது தொடர்பாகக் கூடுதல் விவரம் தேவை என்று. அதனால்தான் இந்தக் கடிதம். எம்ப்ராய்டரித் துணிக்கு அடியில் வைக்கிற தாளின் வெட்டுத் துண்டுகளில் எழுதுகிறேன், ஓரம் கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும்.

முதல் கேள்விக்குப் போவதற்கு முன் எனக்கு என்ன ஆகப்போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் இதை நிதானமாகப் படிப்பீர்கள். எங்கள் முதலாளி வரதராஜுலு அவர்களுக்குச் சிங்காநல்லூரில் இந்தப் பட்டறையும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையும் இருப்பது உங்களுக்குத் தெரியும். பட்டறையில் என் நாற்காலி சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. டிசைன் வேண்டியவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்திவிட்டுப் போவார்கள். நான் சீட்டை உருவி, வரைந்து, பென்டிரைவில் ஏற்றி, மிஷினுக்குக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஆர்.எஸ்.புரம் கடையிலோ ஒரு கவுண்டர் இருக்கிறது. அங்கே கல்யாணப்பெண் வருவாள், அவளுடைய அம்மா வருவார், இரண்டு அத்தைகள் வருவார்கள், நாலு பேருக்கும் ஆறு கருத்து இருக்கும், எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவளைப் பார்த்து "நீ சொல்லு அம்மணி, எது நல்லா இருக்குது" என்பார்கள். அவள் சொல்ல வேண்டும். அங்கே இருந்த அக்கா போன மாதம் கல்யாணமாகிப் போய்விட்டார். அந்த இடம் காலி.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று ஆடி நோம்பிப் பண்டிகைக்கு வந்தபோது கேட்டீர்கள், அம்மா "தலைவலி" என்று சொல்லிச் சமாளித்தாள். தலைவலி இல்லை மாமா. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு முந்தைய பெண்ணோடு மணி அடித்துவிட்டது. நாளைக்கு ரித்திகாவிலிருந்து தொடங்குவோம் என்றார் டீச்சர். நாளைக்கு நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் என்னிலிருந்துதானே தொடங்குவார்கள். இப்போது எனக்குப் பதினேழு முடியப்போகிறது, அவர்கள் இன்னமும் தொடங்காமல் காத்திருப்பதுபோலவே எனக்குத் தோன்றும்.

இப்போது என்ன செய்தேன் என்பது. ஆடி நோம்பிக்கு வந்தபோது நீங்கள் எங்கள் பட்டறையில் கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்தீர்கள். டிசைன் வரைகிற மென்பொருள் என்னைவிட வயதில் மூத்தது, பழைய விண்டோஸில்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தது, அதனால் புதுக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல் நடிக்க வைத்தீர்கள். மிஷின் ஓட்டுகிற ரூபினா அக்காவுக்கு இதை விளக்க நான் ஒரு வாரம் யோசித்தேன். அவர் ஒரே நொடியில் புரிந்துகொண்டார். "மேலுக்குப் புதுசு, உள்ளுக்குள்ள பழசு. எங்க மாமியா மொபைல் வாங்குன மாதிரி, அவ்வளவுதான" என்றார். உள் கம்ப்யூட்டரில் நான் வரைவேன். அங்கிருந்து பென்டிரைவில் ஏற்றுவேன். பென்டிரைவோ வெளிக் கம்ப்யூட்டரில்தான் குத்தியிருக்கும். நடுவில் உங்கள் கம்பெனியின் மென்பொருள் நின்றுகொண்டு உள்ளே இருப்பதை வாங்கி வெளியே கொடுக்கும். மூன்று மாதமாகக் கொடுத்தது. பள்ளிக்கூட பேட்ஜ், ஆஸ்பத்திரி கோட்டில் பெயர், ரவிக்கைக் கையில் மாங்காய், எல்லாம் ஒழுங்காகப் போயின. எல்லாம் சின்னச் சின்ன டிசைன்.

போன வாரம் காரமடைப் பக்கத்திலிருந்து மனோஜ்குமார் என்று ஒருவர் வந்தார். ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம் ஓட்டுகிற குழு. ஞாயிற்றுக்கிழமை, அதாவது நாளைக்கு, பந்தயம். பன்னிரண்டு பேருக்குக் கறுப்புச் சட்டை, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு காங்கேயம் காளை வேண்டும். ஏதாவது ரெடிமேட் காளை எடுத்துப் போடச் சொன்னார் முதலாளி. நான் ஐந்து நாள் உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். காலிலிருந்து தொடங்கி, வயிறு, கழுத்து, முகம் என்று மேலே ஏறி, கடைசியில் திமிலும் கொம்பும். மொத்தம் நாற்பத்தெட்டாயிரம் தையல். அதுவரை நான் வரைந்ததில் இதுதான் பெரியது. உள் கம்ப்யூட்டரில் அனுப்பு என்று அமுக்கினேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. வெற்றிகரமாக முடிந்தது என்று எழுதிக் காட்டியது. இதுதான் நான் செய்தது, வேறு ஒன்றும் செய்யவில்லை.

என்ன வரும் என்று நினைத்தேன் என்றால், காளை வரும் என்று நினைத்தேன்.

வந்ததைச் சொல்கிறேன். எங்கள் மிஷினுக்குப் பன்னிரண்டு தலை, ஒட்டுக்காக, ஒரே நேரத்தில், பன்னிரண்டு சட்டை தைக்கும். நல்லது நடந்தால் பன்னிரண்டு நல்லது, கெட்டது நடந்தாலும் அப்படியே. செவ்வாய்க்கிழமை காலை ரூபினா அக்கா மிஷினைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மிஷின் எப்போதும்போல் வேலை முடிந்து பீப் அடித்தது. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற அக்கா திரும்பி வந்து என் நாற்காலியைப் பிடித்து மிஷின் பக்கம் திருப்பினார்.

"ரித்தி, நீ வரைஞ்சது என்ன?"

"காளைங்கக்கா."

"நெசமாவா? சத்தியம் பண்ணு."

பன்னிரண்டு சட்டையிலும் கால் இருந்தது, வயிறு இருந்தது, கண்ணும் காதும் வாலும் இருந்தன. திமில் இல்லை. கொம்பு இல்லை. திமிலும் கொம்பும் இல்லாத காளைக்கு உலகத்தில் வேறு பெயர் இருக்கிறது என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. யோசிக்க நேரமும் இல்லை, ஏனென்றால் வேலை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று மனோஜ்குமார் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வந்தவர் முதல் சட்டையிலிருந்து பன்னிரண்டாவது சட்டைவரை மெதுவாக நடந்தார். மறுபடி பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை நடந்தார்.

"ஏனுங்க, நாங்க ரேக்ளா ஓட்டறவிங்கங்க. துணி மூட்டை சொமக்கறவிங்க யாராவது ஆர்டர் குடுத்திருந்தாங்களா? மாறிப்போச்சுங்களா?"

"இல்லீங்க, இது பாதிதானுங்க. கொம்பு பின்னால வருங்க" என்றார் ரூபினா அக்கா.

"எப்பங்க? கன்னுக்குட்டியாட்ட வயசுக்கு வந்தாத்தான் மொளைக்குங்களா? எங்களுக்குப் பந்தயம் ஞாயித்துக்கெழமைங்க."

"மொளைச்சுருங்க."

"கழுதையப் போட்டுட்டு நாங்க வண்டியேறுனா எங்க காளையே எங்களை மதிக்காதுங்களே."

அவர் சத்தம் போடவில்லை மாமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது இன்னும் மோசம். முதலாளி உள்ளேயிருந்து வந்தார். உங்களுக்கு அவரை நல்ல நாளில்தான் தெரியும். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக என்னைக் "கண்ணு" என்பார். மனத்தாங்கல் என்றால் "அம்மணி." ரவிக்கையில் ஒரு முறை மயிலை வாத்தாகப் போட்டவளைக் "கேளுங்க" என்று கூப்பிட்டார், அவள் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். அன்று என்னைப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள இவிங்களுக்குக் கொம்பு வெச்சுக் குடுத்துப்போடுங்க. முடியலைன்னாலும் பரவால்லீங்க. திங்கக்கெழமை ஒரு நடை ஆர்.எஸ்.புரம் கடைக்குப் போயி நில்லுங்க, போதும்" என்றார்.

மூன்று 'ங்க' எண்ணினேன், அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. கல்யாணமாகிப் போன அந்த அக்காவையும் ஒரு நடைதான் போகச் சொன்னார்கள். நாலு வருஷம் கழித்துத் தாலி கட்டிக்கொள்ளத்தான் அவர் கவுண்டரை விட்டு வெளியே வந்தார்.

சட்டைகளை மிஷினிலிருந்து கழற்ற வேண்டாம் என்று ரூபினா அக்காவிடம் கெஞ்சினேன். கழற்றினால் மறுபடி அதே இடத்தில் பொருத்த முடியாது. பன்னிரண்டு கழுதையும் அப்படியே கட்டுண்டு நின்றன, அடுத்த ஆர்டர் எல்லாம் ஓரமாக ஒதுங்கின. நான் அன்றைக்குத்தான் உங்களுக்கு மூன்று முறை போன் செய்தேன். பிறகு காளையை மறுபடி அனுப்பிப் பார்த்தேன். மறுபடியும் வெற்றிகரமாக முடிந்தது, மறுபடியும் கொம்பு இல்லை. பேட்ஜை அனுப்பினேன், முழுதாகப் போயிற்று. காளையின் வாலை அழித்துவிட்டு அனுப்பினால் திமில் பாதி வந்தது. தையலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்ததில் நாற்பதாயிரத்துக்குக் கீழே என்றால் எல்லாம் போகிறது, மேலே போனால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது என்பது தெரிந்தது. வெளிக் கம்ப்யூட்டரில் ஒரு கறுப்பு ஜன்னலில் ஆங்கில வரிகள் ஓடுமே, அதை மூடாதே என்று நீங்கள் சொன்னீர்களே, அதைப் படித்தேன். எனக்கு ஆங்கிலம் தடுமாறும், எண்கள் தடுமாறாது. ஒரு வரியில், ஒட்டுக்காக அனுப்பலாம் என்பதற்குப் பக்கத்தில் 1024 என்று இருந்தது. அதற்கு நாலு வரி கீழே அதே வார்த்தைகள், பக்கத்தில் 120. இரண்டில் எது சரி என்று புதன்கிழமை முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை லிஃப்டில் புரிந்தது. எங்கள் கட்டடத்து லிஃப்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கதவுக்கு வெளியே எட்டு பேர் என்று பலகை, உள்ளே ஏறினால் ஆறு பேர் என்று பலகை. யாரும் அதைக் கேட்டதில்லை. நான் எப்போதும் படிக்கட்டில்தான் போவேன், அன்று முதலாளியே கூப்பிட்டு ஏறச் சொல்லிவிட்டார். நான்தான் முதலில் ஏறினேன், மூலையில் நின்றுகொண்டேன். அப்புறம் முதலாளி, கூரியர்காரர், இரண்டாம் மாடி பனியன் கம்பெனியிலிருந்து இரண்டு பேர், நூல் பெட்டியோடு சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர். வெளிப் பலகையை நம்பினால் இன்னும் ஒருவருக்கு இடம் உண்டு. லிஃப்ட் கீச்சென்று கத்திவிட்டுக் கிளம்பாமல் நின்றது.

"கடைசியா ஏறுனவிங்க எறங்கிக்கங்க" என்றார் கூரியர்காரர்.

"பொட்டியோட எப்படிங்க எறங்கறது? வெளிய எட்டுப் பேருன்னு போட்டிருக்குதல்லங்க" என்றார் சுமைக்காரர்.

"உள்ள ஆறுன்னு போட்டிருக்குதுங்க."

"அப்ப ஏறறதுக்கு முந்தி எட்டு, ஏறுனதுக்கப்பறம் ஆறுங்களா?"

இப்படியே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்க, எல்லாருடைய கண்ணும் எப்படியோ என்மேல் வந்து நின்றது. நான் முதலில் ஏறியவள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. இறங்கிவிட்டேன். கதவு மூடியது, லிஃப்ட் ஒரு சத்தமும் போடாமல் மேலே போயிற்று. கதவு மூடும்போது அந்தச் சுமைக்காரர், "இதுக்கு ரெண்டு நடையாப் போயிருந்தா இந்நேரம் மேல டீ குடிச்சிருக்கலாம்" என்று சலித்துக்கொண்டது காதில் விழுந்தது. நான் மூன்று மாடி நடந்து ஏறி உள்ளே போனால், முதலாளி ரூபினா அக்காவிடம், "ரித்திகா எங்கூடத்தான் வந்துச்சு, உள்ளதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னை இறக்கிவிட்டதே அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் மாமா புரிந்தது. உள் கம்ப்யூட்டருக்கு வெளிப் பலகையைக் காட்டியிருக்கிறீர்கள், ஆயிரத்து இருபத்து நான்கு. அது நம்பி எல்லாரையும் ஒட்டுக்காக ஏற்றுகிறது. பென்டிரைவ் பக்கத்துக் கதவிலோ நூற்று இருபதுதான். ஒரு தையலுக்கு மூன்று பைட் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள், நாற்பதாயிரத்தை மூன்றால் பெருக்கிப் பாருங்கள், நூற்று இருபது ஆயிரம் வரும். மிச்சம் இருக்கிற எட்டாயிரம் தையலும் என்னைப்போல வாய் பேசாமல் இறங்கிவிட்டன. இறங்கியவர்கள் சத்தம் போடாததால், எல்லாரும் வந்து சேர்ந்தாயிற்று என்று மேலே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு காளையின் கொம்பு இப்படித்தான் போயிற்று.

உடனே காளையை இரண்டு நடையாக வெட்டினேன். உடம்பு ஏற்கெனவே தைத்தாயிற்று. திமிலையும் கொம்பையும் மட்டும் தனி டிசைனாக்கி அனுப்பினேன். முழுதாகப் போயிற்று. ரூபினா அக்கா, "எதுக்கும் பதினோரு தலைய நிறுத்திட்டு ஒண்ணுல மட்டும் பாப்பம். கழுதைக்கே இந்தப் பாடு, இன்னும் என்னாகுமோ" என்றார். அந்த அக்கா வாயில் சர்க்கரையைப் போட வேண்டும். எங்கள் மிஷின் எந்த டிசைனைக் கொடுத்தாலும் அதன் நடுவை எடுத்துத் துணியின் நடுவில் வைத்துத்தான் தொடங்கும். நான் அதை மறந்துவிட்டேன். அந்த ஒரு சட்டையில் கொம்பு வயிற்றிலும் திமில் பின்னங்காலுக்கு மேலேயும் முளைத்தன. அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கோவம் வந்தா வவுத்துல முட்டற காளை" என்றார். நான் அழுதேன், அழும்போதே சிரிப்பும் வந்தது.

பிறகு வழி தெரிந்தது. கொம்பு டிசைனிலும் முழுக் காளையின் நாலு மூலைக்கு ஒரு தையல் வீதம் போட்டுவிட்டால், மிஷின் அதையும் முழுக் காளை என்று நினைத்துக்கொண்டு சரியான இடத்தில் தொடங்கும். வெள்ளிக்கிழமை மதியம் மிச்சம் பதினோரு கழுதைக்கும் கொம்பு ஏறியது. ரூபினா அக்கா குனிந்து ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். பன்னிரண்டாவது சட்டையைப் புதிதாக எடுத்து, இரண்டு நடையாகத் தைத்துச் சேர்த்தோம். சாயங்காலம் மனோஜ்குமார் வந்து முன்போலவே ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை நடந்தார். "இப்ப காளைங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "வரைஞ்சது நீங்களாங்க?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஆனாலும் முதலாளிக்கு மனத்தாங்கல் தீரவில்லை மாமா. "சரிங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் ஒரு 'ங்க'வும் ஒரு 'அம்மணி'யும் இருப்பதைக் கவனிக்கவும். திங்கட்கிழமைப் பேச்சை அவர் எடுக்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. சனிக்கிழமை மதியம் வந்துவிட்டது. அதனால் உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். முதலாவது, நடந்தது என் தவறு இல்லை, மென்பொருளின் உள்ளேயும் வெளியேயும் பலகை ஒத்துப்போகவில்லை என்று முதலாளிக்கு உங்கள் கையால் ஒரு வரி அனுப்புங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார், பெங்களூரிலிருந்து வருவதற்கு இங்கே தனி மரியாதை. இரண்டாவது, அந்த இரண்டு எண்ணையும் எப்படியாவது ஒன்றாக்கிவிடுங்கள். நூற்று இருபதுதான் முடியும் என்றால் முதலிலேயே நூற்று இருபது என்று உள்ளே சொல்லட்டும், அது தானாகவே நடை நடையாக அனுப்பிக்கொள்ளும். அதுவும் முடியாது என்றால், முடியாது என்றாவது வாய்விட்டுச் சொல்லட்டும். சொல்லாமல் இறங்கிப்போவதும் போன பிறகு வெற்றி என்று எழுதிக் காட்டுவதும் கம்ப்யூட்டருக்கு அழகில்லை. எனக்கு வாய் வராதது வேறு விஷயம், நான் யாருக்கும் வெற்றி என்று எழுதிக் காட்டியதில்லை.

"என்ன வந்தது" என்ற மூன்றாவது கேள்விக்கு ஆதாரமாக, வயிற்றில் கொம்பு முளைத்த அந்தச் சட்டையை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் கம்பெனியில் யாராவது நம்பாவிட்டால் காட்டவும். அளவு நாற்பத்திரண்டு, உங்களுக்குச் சரியாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள், துவைத்தால் சாயம் போகாது.

அத்தைக்கு என் வணக்கம். பாப்பாவின் முதல் பல் மேலே வந்ததா கீழே வந்ததா என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டுமாம், மேலே என்றால் தாய்மாமன் ஏதோ செய்ய வேண்டுமாம். உங்கள் குடும்பமும் வேலையும் ஒரு குறையும் இல்லாமல் விளங்க வேண்டும் என்று அம்மா கும்பிடுகிறாள், நானும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
ரித்திகா

பி.கு.: திங்கட்கிழமை, காலை பதினொன்று. பார்சலை ஒட்டுவதற்கு முன் அவசரமாக எழுதுகிறேன். நேற்றுப் பந்தயத்தில் மனோஜ்குமார் குழுவுக்கு மூன்றாவது இடம்தான், ஆனால் சட்டைக்கு முதல் இடம் என்று ஊரே சொல்லிற்றாம். அவர்கள் சங்கத்துக்கே நாற்பது சட்டை வேண்டுமாம், காளை மட்டும் போதாது, வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்த்து. தொண்ணூறாயிரம் தையல், மூன்று நடை. "போன தடவ வரைஞ்ச அம்மணியே போடோணுங்க" என்று காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். முதலாளி உடனே ஆர்.எஸ்.புரத்துக்குப் போன் போட்டு, "அந்தப் புள்ளைய அனுப்ப முடியாதுங்க, அது இல்லாட்டி இங்க ஒரு காளைக்கும் கொம்பு மொளைக்காது. நம்ம அக்ஷிதாவ நிக்கச் சொல்லிக்கலாம்" என்றார். அக்ஷிதா அவருடைய தங்கை மகள், மூச்சுவிடாமல் பேசுவாள், கவுண்டருக்கென்றே பிறந்தவள். பிறகு என்னிடம் வந்து, "கண்ணு, நீ இங்கயே இரு" என்றார். கண்ணு என்றார் மாமா. நடை பிரிக்கிற வித்தை பட்டறையில் என்னைத் தவிர ரூபினா அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். "நீ கவுண்டருக்குப் போயிட்டா நான் பேசறதக் கேக்க இங்க யாரு இருக்கா?" என்கிறார்.

ஆகவே மேலே எழுதிய எதையும் தயவுசெய்து சரி செய்ய வேண்டாம். முதலாளிக்கும் எழுத வேண்டாம். இரண்டு எண்ணும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை என் மெசேஜைப் பார்த்ததுமே நீங்களே கண்டுபிடித்து ஏற்கெனவே ஒன்றாக்கியிருந்தால், யாருக்கும் தெரியாமல் பழையபடி பிரித்துவிடுங்கள். சட்டையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அந்தப் புகார் எண்ணில் கூடுதல் விவரம் கேட்டார்களே, அவர்களிடம் "நலம்" என்று மட்டும் எழுதி மூடிவிடச் சொல்லுங்கள்.